வியூஸை எண்ணி எடை போட்டா எப்படி? ஜப்பான் சோலோ ஐடல் வீடியோக்கள் பத்தி ஒரு வாசகர் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல ஜப்பான் பாப் ஐடல்ஸ், அதாவது பாட்டு, டான்ஸ், டிவின்னு ரசிகர்களுக்காகவே வளர்த்து விடுற இளம் நட்சத்திரங்கள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். ரெண்டு பக்கம் ஒதுக்கி போட்டதுக்கு முதல்ல ஒரு நன்றி, இந்த விஷயத்தை எல்லாம் தமிழ்ல யாரும் தொடுறதே இல்ல. ஆனா குரூப்ப விட்டு வெளிய வந்து தனியா பாடுன பொண்ணுங்களோட மியூசிக் வீடியோ எல்லாம் யூட்யூப்ல போணியாகல, கொரியாக்காரங்க கோடிக்கணக்குல வியூஸ் வாங்குறப்ப இவங்க லட்சத்துலயே முக்கிட்டு நிக்கிறாங்க, அதனால இதுல மூஞ்சிய தவிர சரக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதுனவர் ஒரே போடா போட்டுட்டாரு பாருங்க, அங்கதான் எனக்கு பொறுக்கல. வியூஸ் கணக்க வச்சு கொரியாக்காரன எடை போடலாம், அவன் வீடியோ எடுக்கிறதே ஓசியில உலகம் பூரா பாக்கட்டும்னுதான். ஜப்பான்ல ரொம்ப காலத்துக்கு வீடியோங்கிறது காசு குடுத்து வாங்குற சாமான், பெட்டிக்குள்ள பூட்டி வச்ச சாமான்.

அது எப்படின்னா, அப்பல்லாம் சிங்கிள்னு ஒரு சிடி வெளிய வருதுன்னு வைங்க, முக்கியமா ஒரே பாட்டுதான், ஆனா டைப் ஏ, டைப் பி-ன்னு மூணு நாலு பதிப்பு போடுவாங்க, ஒவ்வொண்ணுலயும் கூட வர்ற ரெண்டாவது பாட்டு மாறும், அட்டைப்படம் மாறும், டிவிடியில இருக்கிற எக்ஸ்ட்ரா வீடியோ மாறும். முழு மியூசிக் வீடியோ அந்த டிவிடியிலதான். யூட்யூப்ல ஷார்ட் வெர்ஷன்னு ஒண்ணு போடுவாங்க, ஒரு சரணம் ஒரு கோரஸ் முடிஞ்சதும் படக்குன்னு கட் ஆகிடும், மிச்சம் வேணும்னா கடைக்கு போய் வாங்கிக்கோ. இதுலயும் சில கம்பெனி வீடியோ ஜப்பானுக்கு வெளிய ஓடவே ஓடாது, உங்க நாட்டுல பாக்க முடியாதுன்னு கறுப்பு திரை வந்து நிக்கும். பாட்டு விக்கிறதுல உலகத்துல ரெண்டாவது பெரிய சந்தை அவங்களோடது, அதுல சிடி வியாபாரத்த காப்பாத்தணும்னு வீடியோவ அமுக்கி வச்சிருந்தாங்க. அப்படி அமுக்கி வச்ச வீடியோவுக்கு வியூஸ் வரலன்னு சொல்றது, கடையை சாத்தி வச்சுட்டு கூட்டம் வரலன்னு சொல்ற மாதிரி இருக்கு.

சரி, வாங்கினவங்களாவது பாத்தாங்களான்னு கேட்டா அதுவும் முழுசா இல்ல. ஏகேபி48ங்கிற பெரிய பொண்ணுங்க குரூப்போட சிடிக்குள்ள அப்பல்லாம் பாடுற பொண்ணோட கைகுலுக்குற சீட்டு இருக்கும், யாரு முன்னாடி நிக்கணும்னு ஃபேன்ஸ் ஓட்டு போடுற தேர்தல் வருஷத்துல ஓட்டு சீட்டு இருக்கும், அதுக்காகவே ஒருத்தர் நூறு இருநூறுன்னு வாங்குவாரு. 2017ல ஃபுகுவோகா பக்கம் ஒரு மலையில 585 ஏகேபி48 சிடிய கொண்டு போய் கொட்டிட்டாருன்னு ஒருத்தர் மேல போலீஸ் நடவடிக்கையே எடுத்துச்சு. ஆம்பள ஐடல் பக்கம் இன்னும் மோசம், அராஷி குரூப் 1999ல பாட ஆரம்பிச்சு அவங்க வீடியோ அதிகாரப்பூர்வமா யூட்யூப்புக்கு வந்தது 2019 அக்டோபர்ல, இருபது வருஷம்ங்க. இதையெல்லாம் கணக்குல எடுக்காம ரெண்டு நாட்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு கட்டத்துல போட்டு காட்டுனது நியாயமே இல்ல.

இன்னொண்ணு, ஐடல்னாலே குரூப்தான், தனியா வர்றது புது பழக்கம்ங்கிற தொனியும் கட்டுரையில இருந்துச்சு. அது தலைகீழ். எழுபது எண்பதுகள்ல ஜப்பான்ல பெரிய ஐடல் எல்லாம் பெரும்பாலும் ஒத்தை ஆளுதான், யாமகுச்சி மோமோயே, மட்சுடா செய்கோ, நகமோரி அகினா எல்லாரும் தனியாத்தான் மைக்க புடிச்சாங்க. அப்ப மியூசிக் வீடியோன்னு ஒண்ணு பெரிசா கிடையாது, அந்த வேலைய டிவி பாட்டு நிகழ்ச்சிதான் பண்ணுச்சு. டிபிஎஸ் சேனல்ல 1978ல இருந்து 1989 வரைக்கும் ஓடின தி பெஸ்ட் டென்ல, பாட்டு பட்டியல்ல வந்துட்டா அந்த ஆளு எங்க இருந்தாலும் கேமராவ அங்க அனுப்பிடுவாங்க. 1980 ஆகஸ்ட்ல செய்கோ ஃப்ளைட்ல வந்து ஹனேடா ஏர்போர்ட்ல இறங்குறாங்க, அங்கயே தரையில மைக்க குடுத்து லைவா பாட வச்சுட்டாங்க, பின்னாடி விமானம் நிக்குது, முன்னாடி பதினெட்டு வயசு பொண்ணு. செட்டு கிடையாது, டான்ஸர் கிடையாது, ஆனா அத பாத்தவங்க இன்னைக்கு வரைக்கும் பேசுறாங்க. ஒத்தை ஆள எப்படி ஃப்ரேம்ல வைக்கணும்னு அந்த நாட்டு கேமராவுக்கு ரொம்ப நாளாவே தெரியும்னு சொல்ல வர்றேன்.

குரூப் காலம் வந்தப்பதான் அந்த கை மறந்துச்சு. கணக்கு போட்டு பாருங்களேன், ஏகேபி48ல ஒரு சிங்கிளுக்கு தேர்ந்தெடுத்து நிறுத்துறது பெரும்பாலும் பதினாறு பேரு, பாட்டு நாலரை நிமிஷம்னா 270 செகண்டு, சமமா பங்கு வச்சாலும் ஒரு ஆளுக்கு பதினேழு செகண்டு கூட முழுசா வராது, ஆனா சமமா எங்க பங்கு வைக்கிறாங்க, சென்டர்ல நிக்கிற பொண்ணுக்கு போக மிச்சம்தான் மத்தவங்களுக்கு. ஃபேன்ஸ் பாஸ் பண்ணி பாஸ் பண்ணி எங்க ஆளு எத்தன தடவ வந்தா, க்ளோஸ் அப் எத்தனன்னு எண்ணுவாங்க. பத்து பேரு ஆடுற வைட் ஷாட், அப்புறம் படபடன்னு மூஞ்சி மூஞ்சியா கட், திரும்ப வைட், இதுதான் இலக்கணம். யாரு மூஞ்சியிலயும் கேமரா நின்னு பாக்காது, பாக்குறதுக்குள்ள அடுத்த ஆளு வந்துடும்.

இதுலயும் நல்ல டைரக்டருங்க வந்து வேலை பண்ணிருக்காங்க, அத உங்க கட்டுரை சொல்லவே இல்ல. 2010ல ஏகேபி48ஓட ஹெவி ரொட்டேஷன் வீடியோவ எடுத்தது நினகாவா மிகாங்கிற பெண் போட்டோகிராஃபர். 2011 பிப்ரவரியில வந்த அவங்களோட சகுரா நோ கீ நி நாரோ வீடியோவ எடுத்தது கோரே-எடா ஹிரோகாசு, ஆமா, பின்னாடி 2018ல கான்ஸ் திரைப்பட விழாவுல தங்கப்பனை விருது வாங்கினாரே அவரேதான். அந்த வீடியோவுல செத்துப்போன ஒரு கூட்டாளிய மத்த பொண்ணுங்க எல்லாம் நினைச்சு வருவாங்க, செத்துப்போன அந்த பொண்ணா வர்றது மயேடா அட்சுகோ. குரூப்போட நம்பர் ஒன் சென்டரு அவங்கதான், அவங்களயே கூட்டத்துல இல்லாத ஆளா வச்சு ஒரு கதை எடுத்திருக்காரு மனுஷன். அடுத்த வருஷமே அந்தம்மா நிஜமாவே குரூப்ப விட்டு போயிட்டாங்க, அதுக்கப்புறம் அந்த வீடியோவ பாக்குறது வேற மாதிரி இருக்கும்.

மயேடா அட்சுகோ பத்தி உங்க கட்டுரையில ஒரே ஒரு வரி, தனியா வந்து நாலு சிங்கிள் பாடி அப்புறம் நடிக்க போயிட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு வரியிலதான் விஷயமே இருக்கு, அதனால கொஞ்சம் விரிவா எழுதுறேன், எடம் பத்தலன்னா மேல இருக்கிறத வெட்டிக்கோங்க, இத வெட்டாதீங்க.

2005 டிசம்பர் 8ஆம் தேதி டோக்கியோ அகிஹபராவுல ஒரு கடை கட்டடத்தோட எட்டாவது மாடியில ஏகேபி48க்காக 250 சீட்டு தியேட்டர் ஒண்ண தொறந்தாங்க, மொத நாளு பொதுமக்கள்ல டிக்கெட் எடுத்து வந்தவங்க ஏழே பேரு. அன்னைக்கு மேடையில நின்ன பொண்ணுங்கள்ல மயேடா ஒருத்தர், வயசு பதினாலு. அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2011 ஜூன் 9ஆம் தேதி டோக்கியோ புடோகன் அரங்கத்துல ஃபேன்ஸ் தேர்தல் முடிவு, அதுல முதலிடம், ஓட்டு 1,39,892. ஜெயிச்ச பொண்ணு மேடையில அழுதுகிட்டே, என்ன புடிக்கலன்னா பரவால்ல, ஆனா ஏகேபிய வெறுத்துடாதீங்கன்னு கேட்டுச்சு. ஜெயிச்சவ பேசுற பேச்சா அது? ஆனா அவ்வளவு வெறுப்பு இருந்துச்சு, இவளுக்கு என்ன தெரியும், எதுக்கு எப்பவும் நடுவுல நிக்கிறான்னு நெட்ல வறுத்து எடுத்துட்டு இருந்தாங்க. அதுக்கு ரெண்டு வாரம் கூட ஆகல, ஜூன் 22ஆம் தேதி ஃப்ளவர்னு முதல் சோலோ சிங்கிள் வருது, வந்த வாரமே ஓரிகான்ங்கிற ஜப்பான் விற்பனை பட்டியல்ல முதலிடம். இத சொன்னா, ஃபேன்ஸ் அள்ளி வாங்குனதுதானே, பாட்டுக்காகவா வாங்குனாங்கன்னு நீங்க கேக்கலாம், கேளுங்க, நானும் மறுக்கல. ஆனா வீடியோவ பாக்குறப்ப கட் பண்ணி ஓட பக்கத்துல வேற ஆளு இல்ல, கேமரா அந்த மூஞ்சியிலயே நின்னாகணும், தேர்தல் மேடையில உடைஞ்ச அதே மூஞ்சி. அழகான மூஞ்சின்னு கூட எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா பாக்க பாக்க ஏதோ ஒண்ணு ஓடிட்டே இருக்கும், சிரிக்குதா கோவத்துல இருக்கான்னு சொல்ல முடியாது. குரூப் வீடியோவுல அந்த மூஞ்சிக்கு நேரம் இல்ல, சோலோவுலதான் நேரம் கிடைச்சுச்சு.

எல்லா சோலோ வீடியோவும் இப்படி இல்லன்னு ஒத்துக்கிறேன். நிறைய வீடியோவுல ஒத்தை ஆள வச்சு என்ன பண்றதுன்னு தெரியாம டிரஸ்ஸ மாத்திக்கிட்டே இருப்பாங்க, மொத சரணத்துல வெள்ளை, ரெண்டாவதுல சிவப்பு, கோரஸ் வந்தா பின்னாடி டான்ஸருங்க எட்டு பேரு, அதாவது விட்டு வந்த குரூப்பையே வாடகைக்கு திரும்ப கூட்டிட்டு வந்த மாதிரி. பாடுற பொண்ணு அங்க ஹேங்கர்தான். இத பாத்துட்டு உங்க கட்டுரையாளர் சரக்கு இல்லன்னு எழுதியிருந்தா எனக்கு அவர் மேல கோவமே இல்ல, ஆனா அவரு எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டுட்டாரு.

2012 மார்ச்ல சைதாமா சூப்பர் அரீனா மேடையிலயே மயேடா விலகுறேன்னு அறிவிச்சாங்க, ஆகஸ்ட்ல மூணு நாள் டோக்கியோ டோம்ல கச்சேரி, கடைசி நாள் ஆகஸ்ட் 27 திரும்ப அதே அகிஹபரா தியேட்டர், அத யூட்யூப்ல லைவா விட்டாங்க. அப்ப வயசு 21. அதுக்கப்புறம் நாலாவது சிங்கிளுக்கு வீடியோ எடுக்கணும்னு வந்தப்ப நடந்ததுதான் நான் இந்த கடிதத்தையே எழுத காரணம். பாட்டு பேரு செவன்த் கோட், வரிகள் வழக்கம்போல ஏகேபிய உருவாக்குன அகிமோட்டோ யாசுஷி. அதுக்கு விளம்பர வீடியோ மாதிரி ஒண்ணு எடுக்கணும்னு குரோசவா கியோஷிங்கிற சினிமா டைரக்டர கூப்பிட்டாங்க. பெரியவர் அகிரா குரோசவாவுக்கு இவரு சொந்தம் எல்லாம் இல்ல, பேருதான் ஒண்ணு, பேய்ப்படத்துலயும் த்ரில்லர்லயும் பேர் எடுத்தவரு. இந்த மனுஷன் டீமை ரஷ்யாவுல விளாடிவோஸ்டாக்குக்கு கூட்டிட்டு போய் அறுபது நிமிஷ படமாவே எடுத்துட்டாரு!

அந்த படத்துல மயேடா அகிகோன்னு ஒரு பொண்ணு, டோக்கியோவுல ஒரே ஒரு தடவ பாத்த ஆள தேடி தெரியாத ஊருக்கு வந்திருக்கு, பாஷை தெரியாது, கையில சூட்கேஸ், அத தரதரன்னு இழுத்துட்டு அந்த ஆளு போற காருக்கு பின்னாடியே மேடு பள்ளமா இருக்கிற தெருவுல ஓடுது. அந்த ஓட்டத்த பாருங்க, ஐடல் ஓட்டமே இல்ல, அழகா முடி பறக்கிற மாதிரி எல்லாம் கிடையாது, மூச்சு வாங்குது, சக்கரம் கல்லுல மாட்டி தடுக்குது. பாவம் ஏமாந்த பொண்ணுன்னு நாம நினைச்சிட்டு இருக்கிறப்ப கதை ஒரு இடத்துல புரண்டு படுக்கும், சண்டை கூட போடுவாங்க, நிஜமா அடி விழுற மாதிரி சண்டை. அதுக்கு மேல சொல்ல மாட்டேன், பாக்காதவங்க பாக்கணும். கடைசி பக்கம் வந்து படம் திடீர்னு நின்னு பாட்டு ஆரம்பிக்கும், இதே பொண்ணு மியூசிக் வீடியோவுல பாடுற மாதிரி பாடும், அத்தன நேரம் பாத்த கதைக்கும் இதுக்கும் தையலே இல்லாத மாதிரி இருக்கும், முதல் தடவ பாக்குறவங்களுக்கு சிரிப்பு கூட வரலாம். எனக்கு அது குரோசவாவோட குசும்புன்னுதான் தோணுது, விளம்பர வீடியோ கேட்டீங்கல்ல, இந்தாங்க புடிங்கன்னு. 2013 நவம்பர்ல ரோம் திரைப்பட விழாவுல இது போட்டியில ஓடி குரோசவாவுக்கு சிறந்த இயக்குநர் விருது கிடைச்சுது. சிங்கிள் கடைக்கு வந்ததே 2014 மார்ச்ல. பாட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே அதோட வீடியோ வெளிநாட்டு விழாவுல விருது வாங்கிடுச்சு. இத எந்த வியூஸ் கணக்குல போடுவீங்க, சொல்லுங்க?

அந்த பழக்கம் அதோட நிக்கல. அதே டைரக்டர் உஸ்பெகிஸ்தான்ல எடுத்து 2019ல வந்த படத்துல மயேடாதான் ஹீரோயின். ஒரு டிவி நிகழ்ச்சிக்காக ஊர் சுத்துற ரிப்போர்ட்டர், கேமரா ஆன் ஆனா பல்லு தெரிய சிரிக்கும், ஆஃப் ஆனா மூஞ்சி அப்படியே விழுந்துடும், ஆனா மனசுக்குள்ள ஆசை பூரா பாட்டுக்காரி ஆகணும்னு. தாஷ்கண்ட் நவோய் தியேட்டருக்குள்ள நின்னு ஒரு தடவ பாடும், கடைசியில மலை மேல நின்னு திரும்ப பாடும், ரெண்டும் பிரெஞ்சு பாடகி எடித் பியாஃப் பாடுன பாட்டுதான். சிரிக்க சொன்னா சிரிக்கிற வேலைய பதினாலு வயசுல இருந்து பாத்த ஒருத்தர தவிர அந்த வேஷத்த வேற யாரு கட்டியிருந்தாலும் இவ்வளவு ஒட்டியிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான். நடுவுல 2016ல ஒரு சோலோ ஆல்பம் வந்துச்சு, அதோட பாட்டு பக்கம் அமைதியாகிடுச்சு. தோத்துப் போய் நடிக்க போனாங்கன்னு உங்க கட்டுரை சொல்ற கதைய அந்த வீடியோக்கள வரிசையா வச்சு பாத்தா சொல்லவே முடியாது, பாட்டு வீடியோ வழியாத்தான் அந்தம்மா சினிமாவுக்குள்ள நடந்து போயிருக்காங்க.

மத்தவங்கள பத்தி சுருக்கமா. ஏகேபியில முதல்ல தனியா சிங்கிள் போட்டது மயேடா இல்ல, இடானோ டோமோமி, 2011 ஜனவரியில, டான்ஸ் பக்கம் போன ஆளு. இவாசா மிசாகி 2012ல என்கா பாட வந்தாங்க, ஐடல் பொண்ணு வயசானவங்க கேக்குற பாட்ட பாடுறது அப்ப பெரிய ஆச்சரியம். வதனபே மாயு அதே 2012 பிப்ரவரி 29 அன்னைக்கு சோலோவா வந்து பளிச்சுன்னு பேர் எடுத்தாங்க, 2020ல இந்த தொழிலே வேணாம்னு மொத்தமா ஒதுங்கிட்டாங்க, அதுவும் ஒரு முடிவுதான், மதிக்கணும்.

நோகிசகா46ங்கிற இன்னொரு பொண்ணுங்க குரூப் பத்தி மட்டும் ஒண்ணு சொல்லணும், ஏன்னா அவங்க இந்த பதினேழு செகண்டு பிரச்சனைக்கு ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. 2012ல முதல் சிங்கிள்ல இருந்தே டிவிடியில ஒவ்வொரு பொண்ணுக்கும் தனித்தனியா ஒரு சின்ன வீடியோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டைரக்டர், பல பேரு பேர் தெரியாத சின்ன பசங்க. சிலது பாட்டு, சிலது குறும்படம், சிலது சுத்தமா கிறுக்குத்தனம். பின் வரிசையில நிக்கிற, பாட்டுல ஒரு க்ளோஸ் அப் கூட கிடைக்காத பொண்ணுக்கும் சில நிமிஷம் கேமரா முன்னாடி தனியா நிக்க ஒரு வாய்ப்பு. அங்கிருந்து நடிப்புக்கு போனவங்க இத்தன பேரு இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். இதெல்லாம் டிவிடிக்குள்ளயே கிடந்ததால வெளிநாட்டுல எழுதுறவங்க கண்ணுக்கு படவே இல்ல.

தனியா ஃப்ரேம்ல நின்னுட்டா விடுதலைன்னு நான் சொல்றதா நினைச்சுடாதீங்க. 2013 ஜனவரி கடைசியில ஏகேபி48ஓட அதே அதிகாரப்பூர்வ யூட்யூப் சேனல்ல இன்னொரு வீடியோவும் வந்துச்சு. ஒரு பையன் வீட்டுல தங்கினாங்கன்னு வாரப்பத்திரிகையில செய்தி வந்ததுக்கு அந்த குரூப்புல இருந்த மினேகிஷி மினாமி தலைய மொட்டை அடிச்சுட்டு கேமரா முன்னாடி அழுது மன்னிப்பு கேட்ட வீடியோ. பாட்டு இல்ல, டைரக்டர் இல்ல, ஒத்தை மூஞ்சி, வெட்டாத ஷாட்டு. அது அவங்களே எடுத்த முடிவுன்னு சொன்னாங்க, ஆனா அத அதிகாரப்பூர்வ சேனல்ல ஏத்துனது யாரு? உலகம் பூரா செய்தியாச்சு. கொரியா வீடியோவோட வியூஸ்ல போட்டி போடலன்னு வருத்தப்படுற கட்டுரை, இந்த தொழில்ல பொண்ணுங்கள எப்படி வச்சிருக்காங்கன்னு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அடுத்த தடவ இதபத்தி போடுறப்ப சில விஷயம் கேட்டுக்கிறேன். படத்துக்கு கீழ பாடுறவங்க பேரோட டைரக்டர் பேரையும் போடுங்க, நடனம் அமைச்சவங்க பேரு தெரிஞ்சா அதையும் போடுங்க, சினிமா விமர்சனத்துல போடுறீங்கல்ல. வியூஸ் நம்பர் போட்டே ஆகணும்னா அது முழு வீடியோவா ஷார்ட் வெர்ஷனா, எந்த வருஷம் ஏத்துனது, வெளிநாட்டுல ஓடுமா ஓடாதான்னு பக்கத்துலயே போடுங்க. ரெண்டாம் பக்கத்துல மயேடா அட்சுகோன்னு போட்டிருந்த படம் அவங்க இல்ல, அதே ஏகேபியில இருந்த ஓஷிமா யூகோ, ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு பெரிய ஃபேன்ஸ் சண்டை நடந்துச்சுன்னு தெரிஞ்சா இந்த தப்பு எப்படி எரிச்சல் கிளப்பும்னு புரியும், அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க ஞாயிறு இணைப்ப மொதல்ல எடுத்து படிக்கிற ஒரு வாசகர்